தழைக் கரைசல்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மாடியில் வாளி வைத்து இலை ஊறப்போடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். விதைத் திருவிழாவுக்குப் போனாலும் சரி, தெருமுனைக் கடையில் நின்றாலும் சரி, அதே சந்தேகங்கள்தான் என்னிடம் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இருக்கின்றன. பதில்கள் நகரத்தில் தொட்டியிலும் பையிலும் செடி வளர்ப்பவர்களுக்கானவை. வயல் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு.

இலையைச் சும்மா தண்ணியில போட்டா உரம் ஆயிடுமா?

ஆகும். பச்சை இலையைத் தண்ணீரில் மூழ்கவைத்தால் அதன் செல்கள் உடைந்து உள்ளிருக்கும் சத்துகள் நீரில் இறங்கும். அதற்குப் பிறகு நுண்ணுயிர்கள் வேலையை எடுத்துக்கொள்ளும். அந்த நீரை வடித்து, மேலும் தண்ணீர் கலந்து வேரில் ஊற்றுகிறோம். தழைக் கரைசல் என்பது இவ்வளவுதான்.

ஆனால் எல்லாச் சத்தும் ஒரே நாளில் இறங்காது. இதைப் புரிந்துகொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு நீங்களே விடை சொல்லிவிடலாம். சாம்பல் சத்து எனப்படும் பொட்டாசியம் இலைக்குள் எதனோடும் கட்டுண்டு கிடப்பதில்லை, செல்லின் சாற்றிலேயே கரைந்திருக்கிறது. அதனால் முதல் இரண்டு மூன்று நாளிலேயே பெரும்பகுதி வெளியே வந்துவிடும். தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன் பெரும்பாலும் புரதத்துக்குள் இருக்கிறது. நுண்ணுயிர்கள் புரதத்தை உடைத்து அம்மோனியமாக மாற்றினால்தான் அது நீரில் சேரும். அதற்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். சுண்ணாம்புச் சத்து செல் சுவரோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் பெரும்பகுதி சக்கையிலேயே தங்கிவிடும். மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸ் இலையில் இருப்பதே குறைவு.

எந்த இலை போடலாம்? எங்க வீட்ல மாமரமும் வேப்பமரமும்தான் இருக்கு.

மாவிலை வேண்டாம். தடித்த இலை, மேலே மெழுகுப் பூச்சு, உள்ளே துவர்ப்பு. ஒரு மாதம் கிடந்தாலும் அப்படியே கிடக்கும். வேப்பிலையைக் கால் பங்குக்கு மேல் போகாமல் மற்ற இலைகளோடு சேர்க்கலாம்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக் கசக்கிப் பாருங்கள். சாறு பிசுபிசுத்தால் வாளிக்கு ஏற்ற இலை. அவரைக் குடும்பத்து இலைகளுக்கு முதலிடம்: அகத்தி, சவுண்டல், கொழிஞ்சி, தக்கைப்பூண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக கிளைரிசிடியா. பெயர் புதிதாக இருந்தாலும் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். வேலியோரங்களில் நிற்கும், தை மாசியில் இலையை உதிர்த்துவிட்டு வெளிர் ரோஜா நிறத்தில் பூத்துக் குலுங்கும். இலங்கைத் தமிழர் இதைச் சீமைக்கிளுவை என்பார்கள். காயவைத்த இலையில் சுமார் 3 சதவீதம் தழைச்சத்து இருக்கிறது, வெட்ட வெட்டத் துளிர்க்கும்.

மரமே இல்லாத வீடு என்றால் காய்கறிக் கடைக்காரரிடம் கேளுங்கள். முள்ளங்கி இலை, காலிஃபிளவரின் வெளி இலை, கீரைக்கட்டின் அடித்தண்டு எல்லாம் மாலையில் குப்பைக்குத்தான் போகின்றன.

உதிர்ந்த சருகு மூட்டை மூட்டையா இருக்கு. அதை ஊறப்போட்டா?

நிறம் மட்டும்தான் வரும். மரம் இலையை உதிர்ப்பதற்கு முன்பே அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பங்கைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. சருகுக்குச் சரியான இடம் பையின் மேல்மண்ணில் மூடாக்காக, அல்லது மட்குத் தொட்டியில். எரிக்க மட்டும் வேண்டாம்.

அளவு சொல்லுங்க அக்கா. கண்ணளவுன்னு சொல்லாதீங்க.

நன்றாகக் கழுவிய 20 லிட்டர் பெயிண்ட் வாளி, 2 கிலோ பச்சை இலை, 15 லிட்டர் தண்ணீர். 2 கிலோ இலை என்பது பார்வைக்கு நிறைய இருக்கும், அமுக்கினால் அடங்கிவிடும். கிளைகளை நீக்கி, இலையையும் இளந்தண்டையும் அரிவாள்மனையில் கரடுமுரடாக நறுக்கிக்கொள்ளுங்கள்.

வெங்காயம் வருமே, அந்தச் சிவப்பு வலைச் சாக்கு ஒன்று தேடி வையுங்கள். நறுக்கிய இலையோடு ஒரு கருங்கல்லையும் சாக்குக்குள் போட்டு, வாயைக் கட்டி வாளியில் இறக்கிவிடுங்கள். கல் இல்லாவிட்டால் மிதக்கும், மிதக்கிற பகுதி பூசணம் பிடிக்கும். சாக்குக் கயிற்றின் நுனி வாளிக்கு வெளியே தொங்கட்டும். தினமும் அதைப் பிடித்து நாலைந்து தடவை தூக்கி இறக்கினால் கலக்கிய மாதிரி ஆயிற்று. கடைசியில் வடிகட்டும் வேலையும் மிச்சம், சாக்கை அப்படியே தூக்கித் தொங்கவிட்டால் போதும்.

இரும்பு வாளி ஆகாது. முதல் சில நாள்களில் கரைசல் புளிக்கும், அந்த அமிலம் இரும்பை அரிக்கும். பழைய நீல டிரம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், முன்பு அதில் என்ன இருந்தது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். ரசாயனம் வந்த டிரம்மைக் காய்கறிச் செடிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

கார்ப்பரேஷன் தண்ணி ஊத்தலாமா, போர் தண்ணி ஊத்தலாமா?

கார்ப்பரேஷன் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது நுண்ணுயிர்களை மந்தமாக்கும். வாயகன்ற பாத்திரத்தில் ஓர் இரவு திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். உப்பு கரிக்கும் போர் தண்ணீர் வேண்டாம், பைச் செடிக்கு ஏற்கெனவே உப்புத் தொல்லை உண்டு. மழைநீர் இருந்தால் அதைவிட நல்லது இல்லை. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரும் உப்பில்லாத தண்ணீர்தான்.

நாத்தம் தாங்கல. பக்கத்து வீட்ல சண்டைக்கு வராங்க. தப்பா செஞ்சிட்டேனா?

தப்பில்லை. காற்றில்லாமல் புரதம் அழுகும்போது அம்மோனியா, அழுகிய முட்டை வாசம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு, புளித்த வெண்ணெய் போன்ற அமிலங்கள் எல்லாம் உண்டாகும். இலையில் தழைச்சத்து எவ்வளவு கூடுதலோ நாற்றமும் அவ்வளவு கூடுதல். அகத்தியும் கிளைரிசிடியாவும் நாறுகிற அளவுக்கு வாழையிலை நாறாது.

குறைக்க வழி உண்டு. காலையும் மாலையும் சாக்கைத் தூக்கி இறக்கினால் காற்று சேரும், நாற்றம் பாதியாகும். மீன் தொட்டிக்கு வைக்கிற சின்னக் காற்று பம்பு வீட்டில் சும்மா கிடந்தால் அதை வாளியில் போடுங்கள், இன்னும் குறையும். மூன்றாவது வழி, ஆரம்பத்திலேயே ஒரு கைப்பிடி வெல்லமும் ஒரு டம்ளர் புளித்த மோரும் சேர்ப்பது. மோரில் உள்ள பாக்டீரியா வெல்லத்தைத் தின்று லாக்டிக் அமிலம் உண்டாக்கும். புளிப்பு ஏறினால் அழுக வைக்கும் கிருமிகள் அடங்கும், வாசம் ஊறுகாய் பக்கம் சாயும்.

கலக்குகிற நேரத்தையும் பாருங்கள். அடுத்த வீட்டில் ஜன்னல் திறந்து சாப்பிட உட்காருகிற நேரத்தில் வாளியைத் திறக்கக் கூடாது. சண்டையில் பாதி அதனால்தான் வருகிறது.

டெங்கு கொசு வரும்னு சொல்லி வாளியைக் கவுத்துட்டாங்க. என்ன பண்றது?

கவிழ்த்தவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. கொசு முட்டையிலிருந்து முழுக் கொசுவாக 7 முதல் 10 நாள் போதும், நம் வாளி அதைவிட அதிக நாள் நிற்கிறது. அழுகல் தண்ணீரைத் தேடி வருவது பெரும்பாலும் கியூலெக்ஸ் கொசு, டெங்கு பரப்பும் ஏடிஸுக்குக் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் பிடிக்கும். எந்தக் கொசுவாக இருந்தாலும் வீட்டில் வளர்க்க வேண்டாம்.

பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வாளி வாயில் போட்டு, சைக்கிள் டியூபை வெட்டி ரப்பர் பேண்டு மாதிரி இறுக்கிவிடுங்கள். காற்று போகும், கொசு போகாது. மழை பெய்தால் துணி நடுவில் குழிந்து தண்ணீர் தேங்கும், அங்கேயே கொசு முட்டையிடும். ஆகவே மேலே ஒரு தட்டைச் சாய்வாக வையுங்கள்.

மூடி போட்டு டைட்டா அடைச்சா கொசுவும் வராது, நாத்தமும் வராதே?

உள்ளே வாயு சேரும். வாளி மூடி தூக்கிக்கொள்ளும், பெட் பாட்டிலாக இருந்தால் உப்பி வெடிக்கவும் கூடும். தளர்வாக மூடுங்கள்.

மேல வெள்ளையா ஆடை படிஞ்சிருக்கு, நுரை வருது, ஒருநாள் புழுவும் பார்த்தேன். கொட்டிடவா?

வேண்டாம். வெள்ளை ஆடை காற்றுப்பட்ட இடத்தில் வளரும் ஈஸ்ட், நுரை நொதிக்கிறது என்பதற்கு அடையாளம். புழு என்றால் ஈ நுழைந்திருக்கிறது, துணியை இறுக்கிக் கட்டுங்கள். புழுவைக் கரண்டியால் எடுத்து மட்குத் தொட்டியில் போட்டால் அங்கே அதற்கு வேலை இருக்கிறது. கருப்பு, பச்சை நிறப் பூசணம் கனமாகப் படர்ந்தால் மட்டும் அந்தப் பகுதியை வழித்து எறியுங்கள். இலை தண்ணீருக்கு மேலே துருத்திக்கொண்டிருப்பதுதான் காரணமாக இருக்கும்.

எத்தனை நாள்ல ரெடி ஆகும்? ஆறு மாசம் வெச்சா இன்னும் வீரியம்னு ஒருத்தர் சொன்னாரே?

கத்திரி வெயிலில் 7 முதல் 10 நாள், மார்கழியில் 15 நாள் வரை. நாளை எண்ணுவதைவிட சாக்கைத் தூக்கிப் பார்ப்பது நல்லது. இலையின் பச்சை போய்ப் பழுப்பாகி, கையால் பிடித்தால் கொழகொழவென்று நரம்பு மட்டும் மிஞ்சினால் முடிந்தது. நீர் அடர்த்தியான தேநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும்.

ஆறு மாதக் கதையை நம்பாதீர்கள். ஆரம்பத்தில் புளிக்கிற கரைசல், அமிலங்கள் தீர்ந்ததும் காரத் தன்மைக்குத் திரும்பும். அப்போது அதிலுள்ள அம்மோனியம் அம்மோனியா வாயுவாகக் காற்றில் போய்விடும். நாள்பட்ட கரைசல் மூக்கில் சுர்ரென்று ஏறுவது வீரியத்தால் அல்ல, உங்கள் தழைச்சத்து மாடியை விட்டுக் கிளம்பிப் போகிற வாசம் அது.

எவ்வளவு தண்ணி கலந்து ஊத்தணும்? எத்தனை நாளைக்கு ஒரு தடவை?

வளர்ந்த செடிக்கு ஒரு பங்கு கரைசலுக்கு 10 பங்கு தண்ணீர், நாற்றுக்கு 20 பங்கு. கலந்த பிறகு இளமஞ்சளாக, லேசான தேநீர்போல இருக்க வேண்டும். வாரம் ஒரு தடவை, பை ஒன்றுக்கு ஒரு லிட்டர். காய்ந்து வெடித்துக் கிடக்கிற மண்ணில் நேரடியாக ஊற்றாதீர்கள். முதலில் வெறும் தண்ணீர் விட்டு நனைத்துவிட்டு, அப்புறம் கரைசல். உச்சி வெயிலிலும் வேண்டாம்.

இது மட்டும் ஊத்தினா போதும்ல? வேற உரமே வேண்டாம்ல?

இந்தக் கேள்விக்குத்தான் நான் கணக்குப் போட்டுக் காட்டுவது. நம் வாளியில் 2 கிலோ பச்சை இலை. அதில் 80 சதவீதம் தண்ணீர், மிஞ்சுவது 400 கிராம். அதில் 3 சதவீதம் தழைச்சத்து என்றால் 12 கிராம். ஒரு துளி வீணாகாமல் அத்தனையும் கரைசலில் இறங்கியதாகவே வைத்துக்கொள்வோம். 15 லிட்டரைப் பத்து மடங்கு நீர்த்தால் 150 லிட்டர். அதாவது லிட்டருக்கு 0.08 கிராம். ஒரு தக்காளிச் செடிக்கு வாரம் ஒரு லிட்டர் வீதம் 12 வாரம் ஊற்றினால் ஒரு கிராம் போய்ச் சேரும்.

செடிக்கு எவ்வளவு தேவை? ஒரு டன் தக்காளி விளைய சுமார் 2.5 கிலோ தழைச்சத்து வேண்டும். அந்த விகிதத்தில் 2 கிலோ காய்க்கிற ஒரு செடிக்கு 5 கிராம். நாம் கொடுத்தது ஐந்தில் ஒரு பங்கு, அதுவும் நல்ல இலை கிடைத்து எல்லாம் சரியாக நடந்தால். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், 100 கிராம் கடலைப் பிண்ணாக்கில் சுமார் 7 கிராம் தழைச்சத்து இருக்கிறது. நம் வாளி முழுவதும் உள்ள 12 கிராம், 26 கிராம் யூரியாவில் அடங்கிவிடும்.

அதனால் கரைசலைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு நடுவில் குடிக்கிற நீராகாரம் மாதிரி அதை வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு பைக்குள் இருக்க வேண்டும்: மட்கிய மாட்டெரு, மண்புழு உரம், பிண்ணாக்கு. வெறும் தென்னை நார்க்கழிவில் செடி வைத்துவிட்டுக் கரைசலை மட்டும் நம்பினால் செடி வெளுத்துத்தான் போகும். நார்க்கழிவு தான் மட்குவதற்கே தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

புளிய இலையில துத்தநாகம், எருக்குல போரான், ஆவாரையில தாமிரம்னு ஒரு லிஸ்ட் சுத்துதே. அது உண்மையா?

அந்தப் பட்டியல் என் கைக்கும் பல தடவை வந்திருக்கிறது. ஆவாரைக்குத் தாமிரம், முருங்கைக்கும் கருவேப்பிலைக்கும் இரும்பு, துத்திக்குச் சுண்ணாம்பு என்று இலைக்கு ஒரு சத்து என வரிசையாக எழுதியிருக்கும். படிக்க அழகாக இருக்கும்.

எல்லா இலையிலும் எல்லாச் சத்தும் இருக்கிறது, இல்லாவிட்டால் அந்தச் செடியே வளர்ந்திருக்காது. அளவில் வித்தியாசம் உண்டு. ஆனால் அது செடியின் இனத்தை மட்டுமல்ல, அது நிற்கிற மண்ணையும் பொறுத்தது. துத்தநாகம் இல்லாத மண்ணில் நிற்கிற புளியமரம் துத்தநாகத்தை எங்கிருந்து கொண்டுவரும்? அதோடு நுண்ணூட்டங்கள் இலையில் இருப்பதே கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில். அதை 15 லிட்டரில் ஊறவைத்து, பத்து மடங்கு நீர்த்து ஊற்றினால் என்ன மிஞ்சும் என்று மேலே போட்ட கணக்கையே இதற்கும் போட்டுப் பாருங்கள்.

பட்டியலால் ஒரு நன்மை உண்டு. அதைப் பின்பற்றுகிறவர்கள் ஏழெட்டு வகை இலையைக் கலந்து போடுகிறார்கள், கலப்பு நல்லதுதான். குறிப்பிட்ட குறைபாட்டுக்கு மருந்தாக மட்டும் அதை நம்பாதீர்கள்.

ஐந்திலைக் கரைசலும் இதுவும் ஒண்ணா? பஞ்சகவ்யா?

ஐந்திலைக் கரைசல் பூச்சியை விரட்ட. அதற்குப் பெரும்பாலும் ஆடு கடிக்காத, கசப்பும் நெடியும் உள்ள இலைகளைத் தேடுவார்கள்: நொச்சி, ஆடாதொடை, வேம்பு, எருக்கு, இப்படி. உரத்துக்கு நாம் தேடுவது நேர் எதிர். பெரும்பாலும் ஆடு ஓடிவந்து தின்கிற இலைதான் வாளிக்கு நல்ல இலை.

பஞ்சகவ்யா சாணம், கோமியம், பால், தயிர், நெய் கொண்டு செய்வது. கொடுமுடி டாக்டர் நடராஜன் அதைப் பயிருக்குப் பயன்படுத்தும் முறையை ஊரெங்கும் கொண்டுசேர்த்தார். 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து தெளிப்பார்கள். இயற்கை விவசாயத்தைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கரின் ஜீவாமிர்தம் என்ற கரைசலில் 200 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ சாணமும் கோமியமும் வெல்லமும் பயறு மாவும் போகும். இரண்டுக்கும் மாடு வேண்டும். மூன்றாம் மாடியில் குடியிருப்பவர்களுக்குத் தழைக் கரைசல் பிடிப்பதற்குக் காரணம் அதுதான்.

யூடியூப்ல வெள்ளைக்காரங்க காம்ஃப்ரே, நெட்டில்னு போடறாங்களே, அது இங்க கிடைக்குமா?

தேடி அலைய வேண்டாம். அவர்கள் தோட்டத்தில் தானாக மண்டிக்கிடக்கிற செடிகள் அவை, அதனால் போடுகிறார்கள். காம்ஃப்ரேயை அவர்கள் விரும்புவது சாம்பல் சத்துக்காக. நமக்கு வாழை இருக்கிறது. தார் வெட்டிய மரத்தின் தண்டுப் பட்டையைத் துண்டு போட்டு ஊறவைத்தால் முதல் கேள்வியில் சொன்ன மாதிரி சாம்பல் சத்து சில நாளிலேயே இறங்கிவிடும்.

ஆகாயத்தாமரையையும் சிலர் சொல்கிறார்கள். சத்துள்ள செடிதான், ஆனால் நீரிலுள்ள கன உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் சுபாவம் அதற்கு உண்டு. சாக்கடையும் ஆலைக்கழிவும் கலக்கிற நகரத்து ஏரியிலிருந்து எடுத்து வந்து காய்கறிச் செடிக்கு ஊற்றாதீர்கள்.

தண்ணியே இல்லாம வெல்லம் போட்டு ஊறவைக்கிறாங்களே, அது என்ன?

கொரியாவில் சோ ஹான் கியூ பரப்பிய இயற்கை விவசாய முறையிலிருந்து வந்தது. விடியற்காலையில் பறித்த துளிர்களை நறுக்கி, எடைக்குப் பாதியோ சமமோ நாட்டுச் சர்க்கரை அல்லது பொடித்த வெல்லம் பிசிறி ஜாடியில் அமுக்கிவைப்பார்கள். சர்க்கரை இலையின் சாற்றை வெளியே இழுக்கும். ஒரு வாரத்தில் தேன் நிறத்தில் வடியும். லிட்டர் தண்ணீருக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லி போதும்.

வாசம் இனிமையாக இருக்கும், பால்கனி மட்டும் உள்ளவர்களுக்கு வசதி. அந்த அளவு நீர்த்தபின் அதில் உரம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது, துளிரின் வளர்ச்சி ஊக்கிகளை நம்பித் தெளிக்கிறார்கள். வெல்லம் விற்கிற விலைக்கு எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

முருங்கை இலையைச் சமைக்காம வாளியில போட மனசு வரல. அதுக்குத் தனி மவுசு இருக்காமே?

இருக்கிறது, ஆனால் ஊறவைத்தால் அல்ல. முருங்கை இளந்துளிரில் ஸியாட்டின் என்ற வளர்ச்சி ஊக்கி கணிசமாக உண்டு. நிகரகுவாவில் தொடங்கிப் பல நாடுகளில் இதைச் சாறாக்கித் தெளித்துப் பார்த்திருக்கிறார்கள். துளிரைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரைத்து, துணியில் பிழிந்து, சாற்றுக்கு 30 மடங்கு தண்ணீர் சேர்த்து அன்றே தெளிக்க வேண்டும். கைப்பிடித் துளிரில் ஒரு சின்ன மாடிக்கே வரும். மீதியைத் துவட்டிச் சாப்பிடலாம்.

எதைப் போடவே கூடாது?

அரளி வேண்டாம், செடி முழுக்க இதயத்தைத் தாக்கும் நஞ்சு. பார்த்தீனியம் வேண்டாம், தொட்டாலே பலருக்குத் தோல் அரிக்கும். தைல மர இலை மற்றச் செடிகளின் வளர்ச்சியை அமுக்கும். களைக்கொல்லி தெளித்த இடத்துப் புல்லும் வேண்டாம். வாடல் நோயில் செத்த தக்காளி, கத்தரிச் செடியை வாளியில் போட்டால் நோயை நீங்களே எல்லாத் தொட்டிக்கும் பரிமாறியதாக ஆகும்.

எருக்கு போடுகிறவர்கள் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பறியுங்கள். அதன் பால் கண்ணில் தெறித்தால் விழிப்படலம் பாதிக்கும். தெறித்துவிட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள், கைவைத்தியம் பார்க்காதீர்கள்.

கோரை பிடுங்கியவர்கள் கிழங்கோடு போடலாமா என்று கேட்கிறார்கள். கோரைக்கிழங்கு தண்ணீரை எளிதில் தாங்கும். முதலில் சிமெண்டுத் தரையில் பரப்பி வெயிலில் சுருங்கக் காயவையுங்கள்.

கீரை மேல தெளிக்கலாமா? சீக்கிரம் வளரும்ல?

அழுகிய நீரைப் பச்சையாகச் சாப்பிடுகிற இலைமேல் தெளிக்காதீர்கள். கொத்தமல்லி, புதினா, சாலட் இலை எதற்கும் கூடாது. வேரில் ஊற்றலாம், அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பு அதையும் நிறுத்திவிடுங்கள். கரைசலில் சாணம் சேர்த்திருந்தால் இது இன்னும் முக்கியம். ஊற்றி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

ஒரு மாசமா ஊத்தறேன், இலை இன்னும் மஞ்சளாவே இருக்கு.

எந்த இலை மஞ்சள் என்று முதலில் பாருங்கள். அடியில் உள்ள முதிர்ந்த இலை முழுவதும் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்கு அனுப்புகிறது. கரைசல் அதற்கு ஓரளவு உதவும், கூடவே பிண்ணாக்குப் போடுங்கள். உச்சியில் வருகிற புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்து கிடைக்கவில்லை. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும். காரத் தன்மையுள்ள போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி அதை வேர் எடுக்க முடியாதபடி பூட்டியிருப்போம். அங்கே கரைசலை எத்தனை வாளி ஊற்றினாலும் தீராது, தண்ணீரை மாற்ற வேண்டும்.

இரண்டும் இல்லாமல் எல்லா இலையும் ஒருசேரத் தொங்கினால் பையைக் கொஞ்சம் சாய்த்து அடித்துளையைப் பாருங்கள். துளை அடைத்துத் தண்ணீர் தேங்கியிருக்கும்.

செடி புதர் மாதிரி ஆயிடுச்சு, பூவே வரல.

தழைச்சத்து மிஞ்சிவிட்டது. பிண்ணாக்கையும் அகத்தி, கிளைரிசிடியா கரைசலையும் நிறுத்திவிட்டு, மேலே சொன்ன வாழைப்பட்டை ஊறலுக்கு மாறுங்கள். செடி வெயிலில்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். நிழலில் நிற்கிற மிளகாய்க்கு எதை ஊற்றினாலும் பூக்காது.

ஊத்தின மறுநாளே இலை ஓரம் கருகிடுச்சே?

அடர்த்தி அதிகம். வெறும் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி அடியில் வடியவிடுங்கள், அடுத்த இரண்டு வாரம் கரைசல் வேண்டாம். புது வாளி திறக்கும்போதெல்லாம் முதலில் ஒரே ஒரு செடிக்கு ஊற்றி, மூன்று நாள் பார்த்துவிட்டு மற்றதற்குப் போவது நல்லது. இலை மாறினால் அடர்த்தியும் மாறும்.

மிச்சத்தை எவ்வளவு நாள் வெச்சிருக்கலாம்? மழைக்காலத்துல என்ன செய்றது?

வடித்ததை நிழலில் தளர்ந்த மூடியோடு ஒரு மாதம் வைக்கலாம். அதற்குமேல் வைத்தால் என்ன போகும் என்று ஆறு மாதக் கதையில் சொல்லியிருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகையில் ஊற்றுவதெல்லாம் மழையோடு கீழ்வீட்டுச் சுவரில்தான் வடியும். அந்த இரண்டு மாதமும் வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, இலையை மட்குத் தொட்டிக்குத் திருப்பிவிடுங்கள்.

சக்கையை என்ன செய்ய?

சாக்கில் தங்கியதைச் சருகோடு கலந்து மட்கவிடுங்கள். சுண்ணாம்புச் சத்து பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது, தழைச்சத்திலும் ஒரு பங்கு. தரையில் தென்னையோ வாழையோ இருந்தால் பாத்தியில் புதைத்து மண்ணால் மூடலாம். மூடாவிட்டால் ஈயும் நாயும் வரும்.

அப்போ இவ்வளவு நாறவைக்காம, இலையை நேரா மண்ணு மேலயே போட்டுட்டா என்ன?

தரையில் தோட்டம் இருப்பவர்களுக்கு என் பதில், அப்படியே செய்யுங்கள். வெட்டிய தழையைச் செடியைச் சுற்றிப் பரப்பி மேலே சருகு போட்டால் ஈரம் காக்கும், மண்புழு வரும், சத்து பெரும்பாலும் வீணாகாது. வாளியே தேவையில்லை.

மாடிப் பைக்கு மட்டும்தான் எனக்குக் கரைசல் பிடிக்கும். பையில் இடம் கொஞ்சம், மண்புழு இல்லை, மேலே போட்ட பச்சைத்தழை வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்து அப்படியே கிடக்கும். அங்கே கரைசலாகக் கொடுத்தால் வேருக்கு உடனே கிடைக்கிறது. காய்ப்பு நேரத்தில் செடி சோர்ந்து தெரிந்தால் அடுத்த வாரத்துக்குள் பலன் கண்ணில் படும். அது தவிர, மாடியில் கிடைக்கிற கொஞ்சம் தழையைப் பத்துப் பைக்குப் பிரித்துப் போட முடியாது. தண்ணீராக்கினால் பத்துக்கும் பங்கு வரும்.